ஒன்றுமில்லாத தண்ணீர்

மேலே தெளிந்து நிற்கிறது பச்சைத் தண்ணீர், அடியில் பாசிப்பயறு வெந்து வெடித்துத் தோலும் மாவுமாகப் படிந்து கிடக்கிறது, தங்கபுஷ்பம் சட்டியைக் குலுக்காமல் சாய்க்கிறாள், மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுகிறாள், ஒரு பருப்புகூடத் தவறி விழுந்துவிடக் கூடாது, கண்ணாடி டம்ளரின் வாயில் கட்டிய வெள்ளைத் துணி வழியாகத் தண்ணீர் மட்டும் நூலாக இறங்குகிறது, தட்டிப்போட்ட சீரகமும் பூண்டும் மணக்கின்றன, உப்பு இல்லை, உப்பு கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள், இந்தாங்க என்று நீட்டுகிறாள், காளிராஜன் அதை வாங்கியவுடன் குடித்துவிட மாட்டார், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மஞ்ச கூடிப்போச்சு டீச்சரம்மா, நீலம் பத்தல என்பார், சிவகாசியில் முப்பத்தொரு வருஷம் ஆப்செட் மிஷினில் நின்று காலண்டர் அடித்த மனுஷன், சாம்பாரைப் பார்த்தாலும் எந்த மை எவ்வளவு என்றுதான் பார்ப்பார், பேசாமக் குடிங்க என்பாள் பெண்டாட்டி, அவர் குடித்து முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள், இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சட்டியும் அந்தச் சாய்ப்பும்தான் கண்ணில் வந்து வந்து போகின்றன, ஏன் அது மட்டும் வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி விட்டு விட்டுக் கூவுகிறது, அது அவருடைய நெஞ்சா, பக்கத்துக் கட்டில்காரரின் நெஞ்சா என்று தெரியாமல் ஒவ்வொரு சத்தத்துக்கும் அடுத்தது வரும் வரை இவள் காத்திருக்கிறாள், காலையில் எட்டு மணி இருக்கும், பல் விளக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, என்னங்க என்றாள், காலு வரமாட்டேங்குது என்றார், அவர் எப்போதும் செய்கிற கேலி என்று நினைத்து, வரலைன்னா அங்கயே விட்டுட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள், அடுப்பில் பயறு கொதித்துக்கொண்டிருந்தது, அந்த ஒரு வார்த்தையை நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது, வாடகைக் காரில் வரும்போது திருமங்கலம் தாண்டியதும் அவர் தலை இவள் தோளில் சாய்ந்தது, தூங்குறீங்களா என்றாள், இல்ல, கனமா இருக்கு என்றார், எது கனம் என்று சொல்லவில்லை, இங்கே வந்ததும் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், முடியை இறுக்கிப் பின்னியிருந்த சின்ன வயது டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தத்துல பொட்டாசியம் ஆறு புள்ளி ஒம்போது இருக்கும்மா, அஞ்சத் தாண்டக் கூடாது, கிட்னி சரியா வேலை செய்யாதவங்களுக்கு அது வெளிய போகாமத் தேங்கும், மொதல்ல கை கால் சோரும், விட்டா இதயத் துடிப்பு நின்னுரும், என்று ஒரே மூச்சில் சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப்போய்க் கட்டிலருகே நிறுத்திக் கேட்டாள், என்ன குடுத்தீங்க, இளநீரா, வாழைப்பழமா, ஜூஸ், கீரை, உப்புக்குப் பதிலா வேற எதாவது உப்பு, தங்கபுஷ்பம் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினாள், அங்கன்வாடியில இருபத்தேழு வருஷம் இருந்துட்டுப் போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன் டாக்டர், எனக்குத் தெரியாதா, ஒண்ணும் குடுக்கல, கட்டிலில் கிடந்த காளிராஜன் கூரையைப் பார்த்தபடி, வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர் என்றார், டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஒண்ணும் குடுக்கல என்று அவள் சொன்னது மனசறிந்த பொய் இல்லை, பருப்புத் தண்ணியில் ஒன்றுமில்லை என்று இருபத்தேழு வருஷமாக ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், அங்கன்வாடியின் நீலச் சுவரில் ஆணியில் தொங்குகிற பெரிய தாளின் முன்னால் கையில் கரண்டியோடு நிற்கிறாள், எதிரே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலைந்து பிள்ளைத்தாச்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பாசிப்பயறு, நூறு கிராமுக்குப் புரதம் இருபத்துநாலு கிராம், இரும்புச்சத்து இருக்கு, சுண்ணாம்புச்சத்து இருக்கு, பிள்ளையோட முதுகுத்தண்டு ஒழுங்கா உருவாக ஃபோலிக் அமிலம் இருக்கு, நார்ச்சத்து இருக்கிறதால வயிறு கட்டாது, சர்க்கரை சட்டுனு ஏறாது, மத்தப் பருப்பு மாதிரி வாயு பண்ணாது, வெயிலுக்குக் குளுமை, சூப்பு வச்சுக் குடிச்சா எறக்குனதுக்கு அப்புறம் எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டுப் பிழியணும், அப்பத்தான் இரும்பு ரத்தத்துல சேரும், எங்க சொல்லுங்க, எதுக்குப் பிழியணும், சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியின் கண் மடலையும் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பார்ப்பாள், உள்ளே ரத்தமில்லாமல் வெளுத்திருந்தால் போச்சு, மாத்திரையைத் தின்கிறாயா குப்பையில் போடுகிறாயா என்று பிடித்துக்கொள்வாள், அந்தப் பெரிய தாள் காளிராஜனின் அச்சகத்தில் அடித்ததுதான், பயறின் பச்சை சரியாக விழவில்லை என்று அவர் மிஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார், கழித்துப்போட்ட தாளில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டு அடுக்களையில் ஒட்டினார், அதில் பச்சை, பயறின் கோட்டை விட்டு ஒரு மயிரிழை தள்ளி நிற்கும், சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைப் பார்த்து ச்சே என்பார், அவளுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை, அவள் படித்ததெல்லாம் கட்டங்களை மட்டும்தான், புரதத்துக்கு ஒரு கட்டம், இரும்புக்கு ஒரு கட்டம், பொட்டாசியத்துக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

முருகலட்சுமி என்று ஒருத்தி இருந்தாள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை, அவள் பிள்ளையை எடை போடுகிற தூளியில் கிடத்தினால் பத்து மாசத்தில் ஆறு கிலோகூட இல்லை, என்னடி குடுக்கிற, பருப்புத் தண்ணிதான் டீச்சர், பருப்பு செரிக்காதுன்னு எங்க அத்தை தெளிவ மட்டும் எடுத்துக் குடுக்கச் சொல்லுவாங்க, அன்றைக்குத் தங்கபுஷ்பம் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது, தண்ணியில என்னடி இருக்கு, ஒண்ணுமில்ல, வெறும் தண்ணி, பருப்பு உள்ள போனாத்தான் பிள்ளைக்குச் சதை பிடிக்கும், போய் மசிச்சுக் குடு, முருகலட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள், மசித்துக் கொடுத்தாள், மூன்று மாசத்தில் பிள்ளைக்குக் கன்னம் வந்துவிட்டது, அந்தக் கன்னத்தைக் காட்டத்தான் வந்தேன் டீச்சர் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது தங்கபுஷ்பத்துக்குத் தலைகால் புரியவில்லை, ஒண்ணுமில்ல, வெறும் தண்ணி, இந்த வார்த்தை அன்றைக்கே அவளுக்குள் அச்சாகிவிட்டது, அதற்கப்புறம் எத்தனையோ முருகலட்சுமிகளிடம் அதையே சொன்னாள், சொன்னது சரியும்கூட, வளர்கிற பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

எட்டு மாசத்துக்கு முன்னால் காளிராஜனின் முகம் ஊதியது, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது, ரொம்ப நாளாகப் பிரஷர் இருந்திருக்கிறது, மிஷினை விட்டு நகர முடியாது என்று தண்ணீரையும் ஒழுங்காகக் குடிக்காத மனுஷன் அதை எங்கே பார்த்தார், கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் தாள் ஒன்றை நீட்டி, இதுல எல்லாம் இருக்கும்மா, ரெண்டு பக்கமும் படிங்க என்றாள், தங்கபுஷ்பத்துக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது, நான் எத்தனை தாள் படிச்சவ, எனக்கா, முன்பக்கத்தை மட்டும் பார்த்தாள், உப்பு கூடாது, இளநீர் கூடாது, பழங்களில் இன்னது கூடாது, பருப்பு பயறு வகைகளைக் குறைக்கவும், அவ்வளவுதானே என்று நாலாக மடித்துப் புளிப்பானைக்கு அடியில் வைத்தாள், அன்றையிலிருந்து வீட்டில் ஒரே உலை, ஒரே குழம்பு, அவருக்கு இல்லாத முட்டையும் மீனும் பருப்பும் அவளுக்கும் வேண்டாம், அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் மட்டும் தின்பதா, ஓசூரில் இருக்கிற மகள்கூட, நீயாவது ஒழுங்காச் சாப்பிடும்மா என்று போனில் சொன்னாள், சாப்பிடுறேன் சாப்பிடுறேன் என்று சொல்லிவிட்டு உப்பில்லாத சுரைக்காயைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள், சப்பென்ற அந்தச் சாப்பாட்டில் அவர் இளைத்துப்போனார், ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டே, முன்னல்லாம் மத்தியானம் மை நாத்தத்தோட வந்து உக்காந்தா ஒரு கிண்ணம் பயத்தஞ்சூப்பு குடுப்பியே, வெங்காயம் எலுமிச்சம்பழமெல்லாம் போட்டு, நாக்கு நனையுற அளவுக்காவது ஒருநாள் வச்சுக் குடேன் என்றார், அவருடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது, அதைப் பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை, பயறு கூடாது, சரி, பயறைக் கொடுக்க வேண்டாம், தெளிவைக் கொடுக்கலாமே, அதில்தான் ஒன்றுமில்லையே, வெறும் தண்ணி, யோசனை வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு ஆழாக்குப் பயறை ஊறப்போட்டாள், ஊறிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் அதிலேயே வேகவைத்தாள், வெந்த பயறையெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டாள்.

அம்மா, கொஞ்சம் வாங்க என்று டாக்டரம்மா மறுபடி கூப்பிடுகிறாள், இந்தத் தடவை கையில் ஒரு படிவம், ஊசி போட்டிருக்கோம், இன்சுலினும் குளுக்கோஸும் போகுது, ஆனா இது தற்காலிகந்தான், நீங்க சாப்பாட்டுல ஒரு தப்பும் இல்லைங்கிறீங்க, அப்ப கிட்னி மொத்தமா நின்னுக்கிட்டு வருதுன்னுதான் எடுத்துக்கணும், இன்னைக்குக் கழுத்துல குழாய் வச்சு டயாலிசிஸ் ஆரம்பிச்சிரலாம், அப்புறம் கையில ஒரு ஆபரேஷன் பண்ணி, வாரம் மூணு நாள் ஆயுசுக்கும் வர்ற மாதிரி இருக்கும், அந்த மேசையில கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஆயுசுக்கும் என்ற சொல் காதில் நிற்கிறது, மேசைக்குப் போகிறாள், பேனா எழுதவில்லை, உதறுகிறாள், உதறிய கையோடு நிமிர்ந்தால் எதிரே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதே தாள், புளிப்பானைக்கு அடியில் கிடக்கிற தாள், ஆனால் பின்பக்கம், சமைக்கும் முறை என்று தலைப்பு, காய்கறிகளையும் பருப்பு வகைகளையும் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிடவும், பொட்டாசியம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும், அதைக் குடிக்கக் கூடாது, ஒரு தடவை படித்தாள், விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள், சட்டி சாய்கிறது, நூலாக இறங்குகிறது, ஒரு பருப்பு விழவில்லை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இருபத்திரண்டு நாள், நாற்பத்துநாலு டம்ளர், கொட்ட வேண்டியதை அவருக்கு ஊற்றிவிட்டுக் கொடுக்கக்கூடியதைக் கோழிக்குப் போட்டிருக்கிறாள், அந்தக் கோழிகள் எப்படிக் கொழுத்துவிட்டன என்று முந்தாநாள்தான் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிச் சிரித்தாள்.

அவள் படிவத்தை வைத்துக்கொண்டு நடைபாதையில் நிற்கிறாள், யாருக்குத் தெரியும், ஒருவருக்கும் தெரியாது, இனிமேல் கொடுக்காமல் இருந்தால் போகிறது, இதில் கையெழுத்துப் போட்டால் எப்படியும் அந்த மெஷின் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடும், எதற்குச் சொல்ல வேண்டும், சொன்னால் இந்தப் பின்னல் போட்ட பெண் இவளை ஒரு பார்வை பார்ப்பாள், எந்தப் பார்வையை முருகலட்சுமி மேல் இவள் விட்டாளோ அதே பார்வை, மகளுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், எங்கள் டீச்சர் புருஷனுக்குச் சூப்பு வைத்துக் கொடுத்தே படுக்கவைத்துவிட்டாளாம் என்று பேசுவார்கள், அதைவிட அவருக்குத் தெரியும், சொல்லாவிட்டால் என்ன, கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒரு கத்தி, வாரம் மூன்று நாள், நின்றே போகாத கிட்னியை நின்றுவிட்டது என்று இவர்கள் எழுதிவைத்துக்கொள்வார்கள், அந்தப் பொய்யில் அவர் ஆயுசு முழுக்கப் படுத்துக் கிடப்பார், கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறாள், அவர் வாயில் புகை வருகிற முகமூடி, கண் மூடியிருக்கிறது, மை போகாத அந்த விரல்கள் போர்வையின் மேல் காகிதக் கட்டை நேர்படுத்துவது மாதிரி தட்டித் தட்டிப் பார்க்கின்றன, உள்ளே அந்தக் கருவி கூவுகிறது, அடுத்த கூவலுக்கு நேரமாகிறது, இன்னும் வரவில்லை, வரவில்லை, வந்துவிட்டது.

டாக்டர், நான் குடுத்தேன் என்றாள், டாக்டரம்மா திரும்பினாள், என்னம்மா குடுத்தீங்க, பாசிப்பயறு வேகவச்ச தண்ணி, டெய்லி ரெண்டு டம்ளர், இருபத்திரண்டு நாளாக் குடுத்தேன், பயறு குடுக்கல டாக்டர், சத்தியமா ஒரு பருப்பு குடுக்கல, தண்ணியில ஒண்ணுமில்லன்னு நெனச்சுட்டேன், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், ஒண்ணுமில்லன்னு, பின்னல் போட்ட டாக்டரம்மா, இவள் பயந்துகொண்டிருந்த அந்தப் பார்வையைப் பார்க்கவில்லை, எவ்வளவு பயறு, ஒரு ஆழாக்கு, ஊறவச்ச தண்ணியும் சேத்தா, ஆமா, நல்ல வேளை சொன்னீங்க, என்றாள், நீங்க பிள்ளைகளுக்குச் சொன்னது தப்பில்லம்மா, புரதம் பருப்புலதான் நிக்கும், பொட்டாசியம் தண்ணிக்கு எறங்கிரும், ரெண்டும் உண்மைதான், அவர் சாப்பிடுற பிரஷர் மாத்திரையும் அதக் கொஞ்சம் ஏத்திவிடும், ரெண்டும் சேந்துருச்சு, காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல, அந்தத் தண்ணி உள்ள போறது நின்னுட்டா மருந்துக்கே எறங்கலாம், சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ரத்தம் பாப்போம், எறங்கலைன்னா டயாலிசிஸ், அதுவரைக்கும் கையெழுத்து வேணாம், படிவத்தை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டாள், உருவியதும் அதையே பிடித்துக்கொண்டு நின்றவள் மாதிரி தங்கபுஷ்பம் தள்ளாடினாள், நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தாள், ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலால் அவள் கண் மடலைக் கீழே இழுத்தாள், எத்தனை ஆயிரம் கண்ணை அப்படி இழுத்துப் பார்த்தவள், தன் கண்ணை ஒருத்தி இழுப்பது இதுதான் முதல் தடவை, ஐயோ, தாளு மாதிரி வெளுத்துக் கெடக்கு, நீங்க என்னம்மா சாப்பிடுறீங்க, அவரு சாப்பிடுறதுதான், எத்தனை நாளா, எட்டு மாசமா, நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள், இவங்களுக்கும் ஒரு ரத்தம் எடுத்துரலாம் டாக்டர் என்றாள்.

நாலு மணி என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது, பன்னிரண்டரைக்கு ஒரு தடவை உள்ளே விட்டார்கள், முகமூடியை எடுத்திருந்தார்கள், அவர் காலை அசைத்துக் காட்டினார், பெருவிரல் மட்டும் லேசாக ஆடியது, வருது பாரு என்றார், அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், தாளின் பின்பக்கம், கோழி, நாற்பத்துநாலு டம்ளர், நான்தாங்க உங்களை இங்க கொண்டாந்து போட்டேன் என்றாள், எனக்கு மூணாம் நாளே அது புடிக்கல என்றார் அவர், உப்பில்லாத பச்சத் தண்ணி, வாயில வச்சா கொமட்டும், பெறகு ஏன் குடிச்சீங்க, நீதான் எதிரே வந்து உக்காந்துருவியே, எட்டு மாசமா உன் மொகத்துல ஒரு இது இல்ல, நான் அந்த டம்ளரக் கீழ வைக்கும்போது மட்டும் கொஞ்சம் வந்துச்சு, அதான் ஊத்திக்கிட்டேன், டாக்டரம்மா கேக்கும்போது எனக்கு அதுவா இருக்குமோன்னு ஒரு நெனப்பு ஓடுச்சு, சொன்னா நீ தாங்க மாட்டியேன்னு விட்டுட்டேன், தங்கபுஷ்பத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, செத்துப்போனா தாங்குவேனா, என்று கத்திவிட்டாள், பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார், கத்திய பிறகு அழுகை வந்தது, இவர் கேட்டார் என்று அவள் கொடுத்திருக்கிறாள், அவள் கொடுக்கிறாள் என்று இவர் குடித்திருக்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் அந்த டம்ளர் மட்டும் போய்ப் போய் வந்திருக்கிறது. நாலேகாலுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஐந்தே முக்காலுக்கு டாக்டரம்மா வந்தாள், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தங்கபுஷ்பம் அவள் கையைப் பார்த்தாள், படிவம் இல்லை, அஞ்சு புள்ளி எட்டு, எறங்குதும்மா என்றாள், இன்னொரு தாளையும் நீட்டினாள், இது உங்களோடது, ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஆறு, பன்னெண்டாவது இருக்கணும், டீச்சர்னு சொன்னீங்களே, உங்க அங்கன்வாடிக்கு இப்படி ஒரு அம்மா வந்தா என்ன சொல்லியிருப்பீங்க, என்ன சொல்லியிருப்பாள் என்று தங்கபுஷ்பத்துக்கு வரிவரியாகத் தெரியும்.

நாலாம் நாள், அளவு ஐந்துக்குக் கீழே இறங்கியதும் வீட்டுக்கு வந்தார்கள், கதவைத் திறந்ததும் புளித்த வாடை, அன்றைக்குக் காலையில் பதறி அணைத்துவிட்டுப் போன சட்டி அடுப்பிலேயே நுரைத்துக் கிடக்கிறது, கோழிக்குக்கூட ஆகாது என்று குழி தோண்டி மூடினாள், பதினைந்து நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், அந்தத் தேதி இப்போதே நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு அசைகிறது, ராத்திரியானால் அவர் பெருவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள், அடுப்பில் இப்போது இரண்டு உலை, ஒன்றில் அவருடையது, ஊறிய தண்ணீரைக் கொட்டி, வெந்த தண்ணீரையும் வடித்துக் கொட்டி, டாக்டரம்மா கணக்காகச் சொன்ன இரண்டு கரண்டிப் பயறு, அதுவும் வாரத்துக்கு ஒருநாள், வடித்த தண்ணீர் ஆறியதும் செம்பருத்தி மூட்டுக்குப் போகிறது, இன்னொன்றில் அவளுடையது, தண்ணியும் பயறும் எல்லாமாக, வெங்காயம் போட்டு, உப்புப் போட்டு, அதை வைக்கும்போது அவளுக்குக் கை கூசியது, நீங்க வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க நான் எப்படிங்க என்றாள், காளிராஜன் காதிலேயே வாங்கவில்லை, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், அச்சகத்தில் பிழை திருத்துகிற பேனா, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அடுக்களையில் ஒட்டியிருந்த அந்தப் பயறுத் தாளிடம் போனார், நார்ச்சத்துக்குக் கீழே கோடு கிழித்து ஒரு கட்டம் போட்டார், பொட்டாசியம், உண்டு, தண்ணீரில் இறங்கும் என்று எழுதினார், எழுத்து கொஞ்சம் கோணியது, இன்னும் விரலில் பலம் வரவில்லை, அடிச்சு முடிச்ச தாளுல திருத்தம் போடுறதுல நான்தான் மொத ஆளா இருப்பேன் என்றார்.

மத்தியான வெயில் ஜன்னலில் நிற்கிறது, கண்ணாடி டம்ளரில் அவளுடைய சூப்பு, இந்தத் தடவை துணி கட்டவில்லை, எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டுப் பிழிந்திருக்கிறாள், எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார், அவள் உட்காருகிற இடத்தில், அவள் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டு, அவள் வாய்க்குக் கொண்டுபோகும்போது கையை நீட்டினார், குடு, டம்ளரை அவர் வாங்கிக்கொண்டார், வேணாங்க என்று தங்கபுஷ்பம் பாதி எழுந்துவிட்டாள், அவர் டம்ளரை முகத்துக்கு நேரே கொண்டுபோனார், சீரக வாசனையைக் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார், பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு கண்ணைச் சுருக்கினார், மஞ்சளும் நீலமுமாகத் தோலும் பருப்புமாகக் கலங்கி நின்றது அது, இன்னைக்குத்தான் பச்சை சரியா விழுந்திருக்கு என்றார், சொல்லிவிட்டு அவள் கையில் திரும்ப வைத்தார், ஆறிரப் போகுது, குடி டீச்சரம்மா, அவள் குடித்தாள், உப்பு நாக்கில் பட்டதும் எட்டு மாசத்துப் பசி ஒரேயடியாக எழுந்து வந்தது, பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள், ம் என்றார், இவள் முகத்தை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை, தண்ணீர் முடிந்து அடியில் பயறு படிந்து கிடந்தது, தங்கபுஷ்பம் டம்ளரை நன்றாகக் குலுக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அது தானாக இறங்கி வரட்டும் என்று கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள், ஒரு பருப்புகூட அதில் தங்கிவிடக் கூடாது.